தம்பிக்கு கொல்கத்தா ஃபுட்பால் க்ளப் கான்ட்ராக்ட் வந்துருக்கு, ஞாயித்துக்கிழமைக்குள்ள கையெழுத்து கேக்கறாங்க, எப்படி பேசறது?

சத்துவாச்சாரி_அண்ணன் (வியாழன், இரவு 9:40)

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 20 வயசு, லெஃப்ட் பேக், அதாவது இடது பக்க டிஃபென்ஸ். நேதாஜி ஸ்டேடியத்துல செருப்பு இல்லாம ஓடி ஆரம்பிச்சவன், ரெண்டு சீசனா சென்னை லீக்ல ஆடறான், வாரா வாரம் காட்பாடில ட்ரெய்ன் ஏறி போயிட்டு வருவான். போன மாசம் கொல்கத்தா பக்கம் ஒரு க்ளப் ட்ரையலுக்கு கூப்ட்டாங்க, பேரு வேணாம், இந்தியாவோட மேல் லீக் ஐஎஸ்எல் இல்ல, அதுக்கு கீழ லீக். பையன புடிச்சிருச்சு, நேத்து 11 பக்கத்துல கான்ட்ராக்ட் மெயில் வந்துருக்கு.

மாசம் 40,000, ஆனா வருஷத்துக்கு 10 மாசம்தான் சம்பளம். 2 வருஷம், அதுக்கு மேல இன்னும் 1 வருஷம் நீட்டிக்கிறது க்ளப் இஷ்டம். நடுவுல வேற க்ளப் போகணும்னா 30 லட்சம் கட்டணும். போனஸ்னு ஒரு வரி இருக்கு, எவ்வளவுன்னு இல்ல. இதுக்கு நடுவுல ட்ரையலுக்கு கூட்டினு போனவரு ஒருத்தரு, நான்தான் ஏஜென்ட்டு, 15% வேணும், 5 வருஷத்துக்கு எழுதிக் குடுங்கன்னு நிக்கறாரு. நான் 60,000 கேக்கலாம்னு இருக்கேன், எங்க நைனா என்னடான்னா கெடச்சத விட்டுட்டு அப்பால அழாதடா, கையெழுத்து போட சொல்லுங்கறாரு. இன்னா பண்றது?

கொசப்பேட்டை_கோலி (இரவு 9:52)

மொதல்ல வாழ்த்துக்கள் தல. வேலூர் பையன் ஒருத்தன் ஆடப் போறான்னாலே சந்தோஷமா கீது. நைனா சொல்றதுதான் கரெக்டுன்னு எனக்கு தோணுது. 20 வயசு லெஃப்ட் பேக் கொல்கத்தால தெருவுக்கு பத்து பேரு கீறான், நீ 60 கேட்டா அவன் அடுத்தவன இட்டுனு வந்து ஆட வெச்சுக்குவான். மொத கான்ட்ராக்ட்ல துட்டு பாக்காத, ஆடறதுக்கு எடம் பாரு.

ஆம்பூர்_பாய் (இரவு 10:15)

எனக்கு ஃபுட்பால் பாக்க ஒண்டிதான் தெரியும், ஆனா 22 வருஷமா ஷூ அப்பர் ஜாப் வொர்க் எடுத்து செய்றேன், கான்ட்ராக்ட்னா என்னன்னு தெரியும். எங்க தொழில்ல புதுசா வர்றவன் ஜோடிக்கு எவ்வளவுன்னு ஒரு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவான், பழைய ஆளு ரேட்ட பத்தி அஞ்சு நிமிஷம் பேசிட்டு பேமென்ட் எத்தன நாள்ல, ரிஜெக்ட் ஆன சரக்கு யார் தலையில, ஆர்டர் பாதில நின்னா வெட்டுன தோலுக்கு யார் காசு குடுப்பான்னு ஒரு மணி நேரம் பேசுவான். நான் புதுசுல நல்ல ரேட் வாங்கி 120 நாள் கழிச்சு செக் வாங்குன ஆளு, அந்த கம்பெனி பேரு வேணாம், அதுல போன நகை இன்னும் திரும்பல.

உங்க கணக்கயே பாருங்க தம்பி. 40,000 பத்து மாசம்னா வருஷத்துக்கு 4 லட்சம். அதே 35,000ன்னு எறங்கி 12 மாசம் கேட்டா 4,20,000. அவன் மேனேஜருக்கு 40 இருந்தத 35 ஆக்குனேன்னு பெருமை, உங்களுக்கு 20,000 ஜாஸ்தி. இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அந்த சம்பளம் இல்லாத ரெண்டு மாசமும் பையன் அவன் ஆளுதான், வேற எங்கயும் ஆட முடியாது. கட்டிப் போட்டுட்டு தீனி போடாத கதை.

பொய்கை_தரகன் (இரவு 10:31)

பாய் சொன்னது நூத்துக்கு நூறு. கட்டிப் போட்டுட்டு தீனி போடாததுன்னு சொன்னீங்க பாருங்க, எங்க தொழிலுக்கே வந்துட்டீங்க 😄

செவ்வாக்கெழம செவ்வாக்கெழம பொய்கை சந்தைல நிக்கற குடும்பம் நாங்க. துண்டுக்குள்ள கைய உட்டு வெரல புடிச்சு ரேட் பேசுவோம், பக்கத்துல நிக்கறவனுக்கு தெரியாது. ஏன் மூடிக்கினு பேசறோம்? ஒருத்தன் எவ்வளவுக்கு எறங்குவான்னு ஊருக்கு தெரிஞ்சிட்டா அப்பால அவனுக்கு வெலையே இல்ல. அதனால தம்பி, 60 வேணும்னு நீ மொதல்ல வாய தொறக்காத. இந்த காயிதத்த படிச்சோம், நாலு எடத்துல சந்தேகம் கீதுன்னு ஒண்டி சொல்லு, அவன் பேசட்டும்.

அந்த ஏஜென்ட்டு ஆளப் பத்தி. எங்க சந்தைல தரகன் விக்கறவன்கிட்டயும் வாங்குவான் வாங்கறவன்கிட்டயும் வாங்குவான், அது ரெண்டு பேருக்கும் தெரியும், எல்லார் கண்ணு முன்னாடியும் நடக்கும். இவரு க்ளப்கிட்ட வாங்கறாரா இல்லியான்னு கேட்டியா? 15% உன்கிட்ட கேக்கறவன் அங்கயும் வாங்கிக்கினு இருந்தான்னா அவன் யாருக்கு மாடு புடிக்கறான்?

30 லட்சத்த பாத்து சிரிப்பு வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு மொத்த சம்பளமே 8 லட்சம். மாட்ட விட கயிறு வெல ஜாஸ்தி.

வக்கீல்_சேண்பாக்கம் (இரவு 11:20)

ரெண்டு மூணு விஷயம் சட்டப்படி சொல்லிட்றேன். நான் ஸ்போர்ட்ஸ் வக்கீல் இல்ல, சிவில் கேஸ் பாக்கறவன், ஆனா ஃபிஃபா ப்ளேயர் ட்ரான்ஸ்ஃபர் விதிகள ஆர்வத்துல படிச்சு வெச்சிருக்கேன்.

ஏஜென்ட் விஷயம். 2023ல இருந்து ஃபிஃபா புது ஏஜென்ட் விதி இருக்கு, பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்குனவங்கதான் ப்ளேயருக்காக பேச முடியும், அவங்க பேரு ஃபிஃபா சைட்லயே தேடலாம். ப்ளேயரும் ஏஜென்ட்டும் போட்டுக்கற ஒப்பந்தம் அதிகபட்சம் 2 வருஷம். 5 வருஷம் எழுதிக் குடுன்னு கேக்கறவரு அந்த விதியவே படிக்கல, இல்ல நீங்க படிக்க மாட்டீங்கன்னு நெனைக்கறாரு. கமிஷனுக்கும் உச்சவரம்பு கொண்டாந்தாங்க, வருஷ சம்பளம் 2 லட்சம் டாலர் வரைக்கும் 5%, ஆனா ஜெர்மனி கோர்ட் ஒண்ணு குறுக்க வந்ததால 2023 டிசம்பர்ல அந்த வரம்ப உலகம் பூரா நிறுத்தி வெச்சாங்க. அதனால 15% சட்டவிரோதம்னு நான் சொல்ல மாட்டேன். அநியாயம்னு தாராளமா சொல்லுவேன்.

இன்னொண்ணு, நீங்க அண்ணனா இருந்தாலும் லைசன்ஸ் இல்லாம தம்பி சார்பா நீங்களே பேரம் பேசறது அதே விதில மாட்டும். பையன் பேசணும். நீங்க பக்கத்துல உக்காருங்க, தண்ணி ஊத்தி குடுங்க.

அந்த "க்ளப் இஷ்டம்" வருஷம் இருக்கு பாருங்க, அதான் இந்த 11 பக்கத்துலயே மோசமான வரி. பையன் நல்லா ஆடுனா அதே 40,000க்கு மூணாவது வருஷமும் வெச்சுக்குவாங்க, காலு ஒடஞ்சா அனுப்பிடுவாங்க. இந்த மாதிரி ஒருதலை ஆப்ஷன பத்தி விளையாட்டு நடுவர் மன்றத்துல நெறய வழக்கு வந்துருக்கு, வுல்ஃப்காங் போர்ட்மன்னு ஒரு சுவிஸ் பேராசிரியர் சொன்ன அளவுகோல வெச்சு பாப்பாங்க: கான்ட்ராக்ட் முடியறதுக்கு நியாயமான நாள் முன்னாடியே சொல்லிட்டாங்களா, நீட்டிக்கற வருஷத்துக்கு சம்பளம் எவ்வளவுன்னு மொதல்லயே எழுதிருக்கா, ஒருத்தன் இன்னொருத்தன் கருணைல நிக்கற மாதிரி இருக்கா, இப்படி. அதனால ஆப்ஷன நீக்கச் சொல்லி சண்ட போடாதீங்க, அவங்க விட மாட்டாங்க. அதுக்கு ஒரு தேதியும் ஒரு சம்பளமும் எழுத சொல்லுங்க.

ராணிப்பேட்டை_ரைட்பேக் (இரவு 11:48)

தேதின்னு வக்கீல் சார் சொன்னதும் மெஸ்ஸி ஞாபகம் வந்துருச்சு. 2020 ஆகஸ்ட்ல பார்சிலோனாவுக்கு பதிவுத் தபால் மாதிரி ஒண்ணு அனுப்புனாரே, ப்யூரோஃபாக்ஸ்னு, நான் ஃப்ரீயா போறேன்னு. அவரு கான்ட்ராக்ட்ல அப்படி ஒரு வரி நெசமாவே இருந்துச்சு, சீசன் முடிஞ்சதும் போகலாம், ஆனா ஜூன் 10க்குள்ள சொல்லணும். கோவிட்ல சீசன் ஆகஸ்ட் வரைக்கும் இழுத்துருச்சு, அவரு சீசன் முடிவ பாத்தாரு, க்ளப் காலண்டர பாத்துச்சு. 700 மில்லியன் யூரோ கட்டிட்டு போன்னுட்டாங்க. க்ளப்ப கோர்ட்டுக்கு இழுக்க மனசில்லாம இன்னும் ஒரு வருஷம் ஆடுனாரு. உலகத்துலயே பெரிய ப்ளேயருக்கே ஒரு தேதி ஆப்பு வெச்சுது. "சீசன் முடிஞ்ச பின்" அப்படின்னு எழுதுறத விட "மே 31" அப்படின்னு எழுதுனா போதும்.

இன்னொரு கூத்து சுவாரெஸ். 2013ல ஆர்சனல் 40 மில்லியன் பவுண்டும் அதுக்கு மேல 1 பவுண்டும் குடுத்து கேட்டாங்க, ஏன்னா லிவர்பூல் கான்ட்ராக்ட்ல 40 மில்லியனுக்கு மேல வந்தா விட்டுடணும்னு ஒரு வரி இருக்குன்னு சுவாரெஸ் தரப்பு நெனச்சுது. லிவர்பூல் தர மாட்டோம்னுட்டாங்க. அடுத்த வருஷம் அந்த க்ளப் ஓனர் ஜான் ஹென்ரி ஒரு கருத்தரங்குல, ஆமா அப்படி ஒரு வரி இருந்துச்சு, நாங்க விக்க வேணாம்னு முடிவு பண்ணோம்னு கூலா சொன்னாரு 🤦 அதுக்கு நேர் எதிர் நெய்மார், 2017ல அவர கூட்டிட்டு போக 222 மில்லியன் யூரோ கட்டுனாங்க, பார்சிலோனாவால ஒண்ணும் பண்ண முடியல. ரெண்டும் ரிலீஸ் கிளாஸ்னுதான் பேப்பர்ல போட்டான்.

வக்கீல்_சேண்பாக்கம் (இரவு 11:59)

அருமையா சொன்னீங்க. "இந்த தொகை வந்தால் க்ளப் பரிசீலிக்கும்" வேற, "இந்த தொகை கட்டினால் ஒப்பந்தம் முடிவுக்கு வரும்" வேற. நம்ம பையன் பேப்பர்ல எது இருக்குன்னு பாருங்க அண்ணே.

சத்துவாச்சாரி_அண்ணன் (வெள்ளி, காலை 6:50)

ராத்திரி பூரா தூங்கல, எல்லாத்தையும் நைனாவுக்கு படிச்சு காட்டுனேன். வக்கீல் சார், "கட்டினால் க்ளப் ஒப்புதல் அளிக்கலாம்" அப்படின்னுதான் போட்டிருக்கு. அதாவது 30 லட்சம் கட்டுனாலும் விடணும்னு இல்ல!!

இன்னொரு விஷயம் சொல்ல மறந்துட்டேன், பெருசா தோணல. ஸ்போர்ட்ஸ் கோட்டால ஒரு அரசு நிறுவனத்துல அவன கூப்ட்டுருக்காங்க, சென்னை லீக்ல அவங்க டீம்ல ஆடணும், அடுத்த மாசம் செலக்‌ஷன். அது வேலை கிடைச்சா பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்.

பொய்கை_தரகன் (காலை 7:02)

யோவ் இத மொதல்லயே சொல்லக்கூடாதா!! வீட்ல ரெண்டாவது மாட்ட கட்டி வெச்சிக்கினு சந்தைல வந்து கெஞ்சிக்கினு நிக்கற!

கொசப்பேட்டை_கோலி (காலை 7:20)

சரி நான் நேத்து சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். வேற எடமே இல்லாதவனுக்கு நான் சொன்னது சரி, இவனுக்கு கவர்மென்ட் வேலை வாசல்ல நிக்குது. ஆனா பொய் ஒண்டி சொல்லாதீங்க, வேலை கெடச்சிருச்சுன்னு அளந்து உடாதீங்க, கொல்கத்தாகாரன் சென்னைக்கு ஒரு ஃபோன் போட்டா தெரிஞ்சிரும். செலக்‌ஷன் கீது, அடுத்த மாசம், ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு பண்றது கஷ்டம், அப்டின்னு உள்ளத சொன்னா போதும்.

நானும் ஒரு காலத்துல காலேஜ் டீம்ல கீப்பர். முட்டி லிகமென்ட் போச்சு, ஒம்போது மாசம் படுத்தேன், அப்ப யாரும் ஒரு ரூபா தரல. அதனால கேக்கறேன், காயம் பட்டா இன்னா எழுதிக்கீது?

சத்துவாச்சாரி_அண்ணன் (காலை 7:41)

"45 நாட்களுக்கு மேல் ஆட இயலாத நிலையில் க்ளப் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்."

கொசப்பேட்டை_கோலி (காலை 7:43)

அடப்பாவிங்களா. சம்பளத்த பத்தி பேசறத நிறுத்திட்டு இத மொதல்ல பேசுங்க. ஆடும்போது பட்ட காயத்துக்கு ஆபரேஷன் செலவு, இன்ஷூரன்ஸ், சம்பளம், மூணும் வேணும். எங்க ஆபரேஷன் பண்ணிக்கறதுன்னு முடிவு பண்ற உரிமையும் கேளுங்க, அந்த ஊர்ல இருந்து ஜனம் ரயிலேறி நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க, நம்ம பையன் அங்க போய் படுக்கணுமா?

ஆம்பூர்_பாய் (காலை 10:05)

பேமென்ட் லேட் ஆனா என்ன, அது யாரும் கேக்கலியே?

வக்கீல்_சேண்பாக்கம் (பகல் 1:30)

கோர்ட் முடிஞ்சு வந்தேன். பாய் கேட்டது முக்கியமான கேள்வி. ஃபிஃபா விதில 14பிஸ்னு ஒண்ணு, 2018ல சேத்தாங்க. ரெண்டு மாச சம்பளம் பாக்கி வெச்சா, ப்ளேயர் எழுத்து மூலமா நோட்டீஸ் குடுத்து குறைஞ்சது 15 நாள் டைம் தரணும், அப்பவும் வரலன்னா நியாயமான காரணத்தோட கான்ட்ராக்ட முறிச்சுக்கலாம். ஆனா நம்ம பையனும் இந்தியன் க்ளப்பும் இந்தியன், தகராறு வந்தா ஏஐஎஃப்எஃப், அதாவது இந்திய ஃபுட்பால் சம்மேளனத்தோட ப்ளேயர்ஸ் ஸ்டேட்டஸ் கமிட்டிக்குத்தான் போகணும். அதனால அந்த விதிய நம்பிக்கிட்டு இல்லாம அதே வாசகத்த கான்ட்ராக்ட்லயே ஒரு பாராவா எழுதிக்கிறது நல்லது. சம்பளம் ஒவ்வொரு மாசமும் 7ஆம் தேதிக்குள்ள, அப்படின்னு தேதியோட.

நோட்டீஸ் குடுக்காம கோவத்துல பைய தூக்கிக்கினு வந்துடக் கூடாது, அது ஒண்டி தம்பிக்கு நல்லா சொல்லி வைங்க. 2024ல அன்வர் அலி விஷயம் தெரியும்ல? டெல்லி எஃப்சி ஆளு, மோகன் பகானுக்கு 4 வருஷ லோன்ல, அதாவது இரவலா ஆடிட்டு இருந்தவரு, அத முறிச்சிட்டு ஈஸ்ட் பெங்கால் போனாரு. அந்த கமிட்டி அவருக்கு 4 மாசம் தடை, அவரும் ஈஸ்ட் பெங்காலும் டெல்லி எஃப்சியும் சேந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி கட்டணும்னு போட்டுச்சு. அப்புறம் டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போனது தனிக்கதை. கோடிக்கணக்குல ஆடறவங்க கோர்ட்டுக்கு போவாங்க, நாம போக முடியாது.

"எதிர்பாராத சூழ்நிலை"ன்னு ஒரு பத்தி இருக்கும், அதையும் அனுப்புங்க. 2025 ஜூலைல ஐஎஸ்எல்லயே நிறுத்தி வெச்சாங்க, ஏஐஎஃப்எஃப்புக்கும் லீக் நடத்தறவங்களுக்கும் இருந்த 15 வருஷ ஒப்பந்தம் டிசம்பர்ல முடியுது, புதுசு போடலன்னு. அடுத்த மாசமே பெங்களூரு எஃப்சி ப்ளேயர்ஸ், ஸ்டாஃப் சம்பளத்த நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. மேல் லீக்லயே இப்படின்னா கீழ லீக் எம்மாத்திரம்.

ராணிப்பேட்டை_ரைட்பேக் (பகல் 2:10)

ஒரு சின்ன பக்கவாட்டு கதை. இப்ப கான்ட்ராக்ட் முடிஞ்சா ஃப்ரீயா போலாம், கடைசி 6 மாசத்துல வேற க்ளப்கிட்ட பேசி கையெழுத்தே போட்டு வெச்சுக்கலாம்னு எல்லாருக்கும் தெரியுது. அதுக்கு காரணம் போஸ்மன்னு ஒரு பெல்ஜியம்காரன், பெருசா ஸ்டார் எல்லாம் இல்ல. 1990ல கான்ட்ராக்ட் முடிஞ்சுது, க்ளப் 120,000 ஃப்ராங்க் சம்பளத்த 30,000 ஆக்கறோம்னுச்சு, ஃப்ரான்ஸ்ல டன்கர்க் க்ளப்புக்கு போறேன்னாலும் விடல. அஞ்சு வருஷம் கேஸ் நடத்தி 1995 டிசம்பர் 15 தீர்ப்பு வாங்குனான், அதுக்குள்ள அவன் ஆட்ட வாழ்க்கையே முடிஞ்சு போச்சு. ஊரு பூரா கோடி கோடியா சம்பாரிச்சுது, அவனுக்கு ஒண்ணும் பெருசா மிஞ்சல.

அதனால அண்ணே, 2 வருஷம் முடியறப்போ அவனுக்கு 22 வயசு, ஃப்ரீ ஏஜென்ட். அதான் அவன் சொத்து. அந்த மூணாவது வருஷத்த சும்மா தூக்கி குடுத்துடாதீங்க.

சும்மா_வந்தவன் (பகல் 2:44)

டி ப்ரூய்னா 2021ல ஏஜென்ட்டே இல்லாம, டேட்டா கம்பெனிகிட்ட ரிப்போர்ட் வாங்கி மான்செஸ்டர் சிட்டிகிட்ட 2025 வரைக்கும் புது கான்ட்ராக்ட் பேசுனாரு. தம்பி ஆடுன மேட்ச் வீடியோ, எத்தன நிமிஷம் ஆடுனான், எத்தன அசிஸ்ட், ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துனு போக சொல்லுங்க.

கொசப்பேட்டை_கோலி (பகல் 2:50)

டி ப்ரூய்னாவும் சத்துவாச்சாரி லெஃப்ட் பேக்கும் ஒண்ணா 😂 ஆனா எழுதி எடுத்துனு போறது நல்லதுதான்.

ஆம்பூர்_பாய் (மாலை 5:30)

கடைசியா என் பங்குக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்காதீங்க. நீங்க விட்டுக் குடுக்க ரெடியா இருக்கறது என்னன்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு போங்க. சம்பளத்துல எறங்கி வர்றோம், நீங்க காயத்துல ஏறி வாங்கன்னு மாத்தி மாத்தி பேசணும். வாய்ல ஒத்துக்கிட்டது மெயில்ல அன்னிக்கே வரணும். ஏஐஎஃப்எஃப் பதிவு சிஸ்டம்ல ஏத்தற காப்பியும் நீங்க கையெழுத்து போட்டதும் ஒண்ணுதானான்னு பக்கம் பக்கமா பாருங்க, தனி லெட்டர்ல எழுதித் தர்றோம்னா ஒத்துக்காதீங்க.

சத்துவாச்சாரி_அண்ணன் (செவ்வாய், இரவு 8:15)

எல்லாருக்கும் அப்டேட். வீடியோ கால்ல தம்பிதான் பேசுனான், நான் பக்கத்துல உக்காந்து தண்ணி ஊத்தி குடுத்தேன் வக்கீல் சார், சத்தியமா வாய தொறக்கல, தொடைய கிள்ளுனேன் அவ்ளோதான்.

ஞாயித்துக்கிழமை கெடு தானா புதன்கிழமை ஆயிருச்சு, செலக்‌ஷன் பத்தி சொன்ன அஞ்சாவது நிமிஷம். சம்பளத்த நாங்க 60 கேக்கவே இல்ல. 12 மாசம் வேணும்னோம், 36,000ன்னு அவங்களே சொன்னாங்க, வருஷத்துக்கு 4,32,000. ரெண்டாவது வருஷம் 45,000. மூணாவது வருஷம் வேணும்னா மார்ச் 31க்குள்ள எழுத்துல சொல்லணும், சம்பளம் 60,000, சொல்லலன்னா மே 31ஓட அவன் ஃப்ரீ. ரிலீஸ் 30ல இருந்து 12 லட்சம், "கட்டினால் ஒப்பந்தம் முடியும்"னு வாசகம் மாத்திட்டாங்க. ரெண்டு மாச பாக்கி பாராவ போட மாட்டோம்னு ஒரு மணி நேரம் இழுத்தாங்க, தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான், நீங்க கரெக்டா குடுக்கப் போறீங்கன்னா இந்த வரி உங்கள என்ன சார் பண்ணப் போகுதுன்னு. அந்த பக்கம் ரெண்டு பேரு சிரிச்சிட்டாங்க. போட்டாங்க.

காயத்துல முழுசா ஜெயிக்கல. 6 மாசம் முழு சம்பளம், அதுக்கு மேல பாதி, ஆபரேஷன் செலவு க்ளப்பு, ஆனா ஆஸ்பத்திரி அவங்க சொல்றதுதான். போனஸும் ஒண்ணும் பெருசா இல்ல, ஸ்டார்ட்டிங் 11ல 15 மேட்ச் ஆடுனா 40,000. பெஞ்சுல உக்காந்தா கணக்கு இல்லையாம். விட்டுட்டோம்.

ஏஜென்ட் அண்ணன்கிட்ட ஃபிஃபா சைட்ல உங்க பேரு எந்த ஸ்பெல்லிங்ல இருக்குன்னு கேட்டேன். அப்புறம் ஃபோனே எடுக்கல. ட்ரையலுக்கு கூட்டினு போன ட்ரெய்ன் டிக்கெட், சாப்பாடு காசு அனுப்பி வெச்சிட்டேன், அது நியாயம்தானே.

நைனா இன்னும் கவர்மென்ட் வேலைய விட்டுட்டானேன்னு பொலம்பறாரு. அது ஒண்டி எனக்கும் பதில் தெரியல.

பொய்கை_தரகன் (இரவு 8:22)

இன்னிக்கு சந்தைல நல்ல யாவாரம், அங்கயும் நல்ல யாவாரம். உன் தம்பி கேட்ட கேள்விய நாளைக்கு நான் ஒருத்தன்கிட்ட கேக்கப் போறேன், கடன் வாங்குனவன்.

சத்துவாச்சாரி_அண்ணன் (இரவு 8:40)

அம்மாவுக்கு இப்ப வேற கவலை. அங்க கடுகெண்ணெய்ல மீன் செய்வாங்களாமே, இவன் எப்படி சாப்பிடுவான்னு.

கொசப்பேட்டை_கோலி (இரவு 8:44)

ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ் சந்துல பெங்காலி மெஸ் வரிசையா கீது தல. கெளம்பற வரைக்கும் தெனம் மதியம் இட்டுனு போ, ரெண்டு வாரத்துல நாக்கு பழகிரும், நாலு வார்த்தை பாஷையும் வரும். நாளைக்கு நானும் வரேன், ஒன்றரைக்கு மெயின் கேட்டாண்ட நில்லு.